பம்ப் ரூம் படிக்கட்டு மூலை

ஜூன் 4

பொடிக்கு,

இனிமேல் போனில் பேசுவதாக இல்லை. நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன், கடைசியில் யாராவது ஒருவர் கட் செய்கிறோம். போன தடவை கட் செய்தது நான்தான். எழுதும்போது கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். உன் தீவனம் வேலை செய்யவில்லை. மீன்தூளைக் குறைத்துக் கடலைப் புண்ணாக்கை ஏற்றி, அதில் குறைகிற லைசின் என்ற சத்தைத் தனியாகக் கலந்துவிட்டால் கெண்டை பழையபடியே வளரும் என்று சொன்னாய். கூடப் பிறந்தவள் சொல்கிறாளே என்று குளத்தைக் கொடுத்தேன். மார்ச் எடையும் ஏப்ரல் எடையும் நன்றாகத்தான் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் மீன் ஆராய்ச்சி நிலையத்து அதிகாரி வலையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மே மாதம் படுத்துவிட்டது. நேற்று மறுபடியும் வலை போட்டோம். வளர்ந்த மாதிரியே தெரியவில்லை. வலை இழுக்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் நல்ல மூட்டையை அனுப்பிவிட்டுப் பிறகு வேறு எதையோ தலையில் கட்டிவிட்டீர்களா? நேராகச் சொல்லிவிடு.

இதில் இன்னொரு தலைவலி. ஏப்ரல் கடைசியிலிருந்து, விடிகிற நேரத்தில் மீன்கள் பம்ப் ரூம் படிக்கட்டு மூலைக்குக் கூட்டமாக வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. இப்போதெல்லாம் எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை, அதனால் கண்ணில் பட்டது. தண்ணீரில் காற்று போதவில்லை போலிருக்கிறது. தினமும் எழுந்து ஏரேட்டரை ஓடவிட்டு வந்து படுக்கிறேன். தீவனம்தான் தண்ணீரைக் கெடுக்கிறதோ என்று சந்தேகம்.

ஆகஸ்டில் உங்கள் நிலையத்துக் கூட்டத்தில் என் குளத்தைக் காட்டித்தான் உன் லைசின் எண்ணைத் தீவனப் புத்தகத்தில் ஏற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தீவனம் தோற்றுவிட்டது என்று நானே எழுதிக் கொடுத்துவிடுவேன். அப்புறம் அண்ணன் காலை வாரிவிட்டான் என்று அழாதே.

இங்கே எல்லாரும் சுகம்.

அண்ணன்

*

ஜூன் 11

அண்ணா,

மூட்டை மாறவில்லை. ஒவ்வொரு தடவை அரைத்ததிலும் ஒரு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் மறுபடி சோதித்தாகிவிட்டது. மார்ச்சில் இருந்த லைசின் மேயிலும் இருக்கிறது. தலையில் கட்டுவதாக இருந்தால் ஊரில் வேறு தலைகளே இல்லையா, உன் தலைதானா கிடைத்தது?

எண் எண் என்று எரிந்து விழுகிறாயே, அது என்னவென்று பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். பத்துத் தடவையும் கொட்டாவி விட்டாய். இந்தத் தடவை நீ கொட்டாவி விட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, அதனால் சொல்கிறேன். புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் கோத்தது. அதில் ஒன்று குறைந்துவிட்டால் மற்றவை எவ்வளவு இருந்தாலும் உடம்பில் ஒட்டாது. கடலைப் புண்ணாக்கில் குறைகிறது லைசின். கெண்டைக்கு அது எவ்வளவு வேண்டும்? அதைக் கண்டுபிடிக்க ஆறு விதமாகத் தீவனம் செய்தேன். எல்லாம் ஒன்றேதான், லைசின் மட்டும் படிப்படியாக ஏறும். ஒவ்வொரு தீவனமும் தனித்தனித் தொட்டிகளுக்கு. மீன் போதும் என்று விலகிப் போகும்வரை கையாலேயே போட வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று வேளை. பிறகு எடை. லைசின் ஏற ஏற வளர்ச்சியும் ஏறும். ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் கொட்டினாலும் பயனில்லை. வரைபடத்தில் கோடு வளைகிற அந்த இடம்தான் என் எண்.

மூன்று வருடம், அண்ணா. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. கையில் மீன் எண்ணெய் வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வரும், அது ஒரு வசதி.

இதில் எனக்குப் பிடிக்காத வேலை கடைசித் தொட்டிகள். லைசின் மிகவும் குறைந்தவை. வயிறு நிறையத் தின்னும், ஆனால் வளராது. வால் நுனி அரித்துப் போகும். கொஞ்ச நாளில் தீவனத்தைக் கண்டால் மேலே வருவதைக்கூட விட்டுவிடும். தெரிந்தே செய்கிறேன். அவை இல்லாமல் கோடு கிடைக்காது. ஆனாலும் அந்தத் தொட்டிகளின் மூடியைத் திறக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மார்ச், ஏப்ரல் எடைகள் என் தொட்டிகளையே மிஞ்சிவிட்டன. குளத்து மீன் தொட்டி மீனை மிஞ்சியது ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு உதவி செய். ஒரு வலை மீனை அப்படியே ஐஸில் போட்டு அனுப்பு. நல்லதாகப் பொறுக்காதே, கெட்டதாகவும் பொறுக்காதே. விடியற்காலையில் தண்ணீரில் மீட்டரை விட்டுக் காற்று எவ்வளவு என்று பார்த்து எழுது.

மற்றதை அண்ணியைக் கேட்டு எழுது. மூன்று வேளையும் தீவனம் போடுவது அவர்கள்தானே. மீன் எப்போதிலிருந்து மந்தமானது என்று உன்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பொடி

*

ஜூன் 17

பொடிக்கு,

ஐஸ் பெட்டி லாரியில் வருகிறது. பெட்டியைத் திருப்பி அனுப்பு, போன தடவை அனுப்பியது உங்கள் நிலையத்தில் யார் வீட்டு நாற்காலியாக இருக்கிறதோ தெரியவில்லை.

மீட்டர் காற்று நிறைய இருக்கிறது என்கிறது. அப்படியென்றால் மீன் எதற்காக வாயைப் பிளந்துகொண்டு மூலையில் நிற்கிறது? மீட்டர்தான் கெட்டுவிட்டது. ஏரேட்டரை நிறுத்தவில்லை.

தீவனம் போட வேண்டிய அளவு போட்டுத்தான் வருகிறேன். ஒரு கிலோகூடக் குறைக்கவில்லை. மூட்டைகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணியை இதில் இழுக்காதே. உன் கணக்கு உன் மீனோடு இருக்கட்டும்.

அண்ணன்

*

ஜூன் 25

அண்ணா,

பெட்டி வந்தது. மீன்களை மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைசின் குறைந்த மீன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட மீனை உண்டாக்குவதே என் பிழைப்பு. எல்லாம் ஒன்றுபோலச் சிறுத்திருக்கும், வால் அரித்திருக்கும். உன் மீன்களின் வால் புதுச் சீப்பு மாதிரி முழுசாக இருக்கிறது. அளவுதான் ஏறுமாறு. நாலைந்து மீன்கள் கொழுகொழு என்று இருக்கின்றன, மீதி எல்லாம் நோஞ்சான். இது தீவனத்தில் இருக்கிற குறை இல்லை. தீவனம் போடுகிற முறையில் இருக்கிற குறை. ஒரே இடத்தில் நின்று, ஒரே வேளையாகக் கொட்டினால் பலசாலிகள் முன்னால் வந்து தின்றுவிடும். மற்றவை வருவதற்குள் மிச்சம் சேற்றுக்குப் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. கெண்டைக்கு இரைப்பை கிடையாது. வந்ததைச் சேர்த்துவைத்துப் பிறகு செரிக்க அதற்கு வழியில்லை. நாம் தனியாகக் கலந்த லைசின் சட்டென்று ரத்தத்தில் ஏறிவிடும். புண்ணாக்கில் இருப்பவை மெதுவாகத்தான் வந்து சேரும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்தால் ஒன்றோடொன்று சேர்ந்து உடம்பாகும். ஒரே வேளையில் கொட்டினால், லைசின் முதலில் வந்து துணைக்கு ஆள் இல்லாமல் வீணாய்ப் போய்விடும். மூட்டைக் கணக்கு சரியாக இருக்கும், மீன் வளராது.

அண்ணி ஒருநாளும் ஒரே இடத்தில் நின்று கொட்டியதில்லை. நான் அங்கே வந்து தங்கியிருந்தபோது பார்த்திருக்கிறேன். வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு கரையும் சுற்றுவார்கள். பேசிக்கொண்டே கூட வந்தவள் பாதியில் உட்கார்ந்துவிட்டேன், அவர்கள் உட்காரவில்லை.

ஏப்ரல் எடை வரைக்கும் அந்தக் கை போட்டிருக்கிறது. அதற்கப்புறம் வேறு கை. ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகோ, சாயங்காலமோ, ஒரே வேளையாகக் கவிழ்த்துவிட்டுப் போகிற கை. அது யார் கை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணி வீட்டில் இல்லை. அப்படித்தானே?

பொடி

*

ஜூலை 2

பொடிக்கு,

மீனைக் கேட்டால் மீனை மட்டும் பார்க்க வேண்டியதுதானே. அதன் வயிற்றைக் கிழித்து என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னது யார்? படித்த படிப்புக்கு வேறு வேலை இல்லையா?

இதுவரை எழுதிவிட்டுக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

ஏப்ரலில் போய்விட்டாள். சண்டை போட்டுக் கத்திவிட்டெல்லாம் போகவில்லை. சாயங்காலத் தீவனத்தைப் போட்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். வாளி காய்ந்து கிடப்பதைப் பார்த்தபோதுதான் நிஜமாகவே போய்விட்டாள் என்று உறைத்தது.

இங்கே கேட்கிறவர்களிடம் அவள் தங்கை பிரசவத்துக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்குச் சொல்வது? அந்தக் குழந்தை இந்நேரம் குப்புற விழுந்திருக்கும் என்று பக்கத்துக் குளத்துக்காரர் நேற்று சிரிக்கிறார். தெரிந்துகொண்டுதான் சிரிக்கிறாரோ என்னவோ.

நான் ஐஸ் பிளான்டிலிருந்து வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிடுகிறது. மூன்று வேளைக்கு உள்ளதையும் சேர்த்துப் பெரிய மதகின் பக்கம் போட்டுவிடுவேன். அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். நீ சொன்ன லைசின் கதை எல்லாம் எனக்குத் தெரியாது.

இதை யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக உன் கூட்டத்தில்.

அண்ணன்

*

ஜூலை 8

அண்ணா,

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் என் பாடு என்னவென்று உனக்குத் தெரிய வேண்டும்.

கூட்டத்தில் பார்க்கப் போவது மூன்று குளங்களின் கணக்கை. அதில் ஒன்று உன்னுடையது. காரணம் தெரியாமல் ஒரு குளம் தோற்றால் என் எண் அலமாரிக்குப் போய்விடும். இல்லாவிட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணை இரண்டு மடங்காக்கித் தீவனக் கம்பெனிகளுக்குக் கொடுப்பார்கள். உன் மாதிரிக் குளத்துக்காரர்கள் மீனுக்கு வேண்டாத லைசினை வருடா வருடம் வாங்கித் தண்ணீரில் கரைப்பீர்கள். தீவனம் ஒரே வேளையாகப் போடப்பட்டது, இந்தத் தேதியிலிருந்து, இந்தக் காரணத்தால் என்று குளத்துக்காரர் கையால் எழுதியிருந்தால், உன் குளத்தை ஏப்ரலோடு நிறுத்திக் கணக்கில் சேர்ப்பார்கள். "காரணம்" என்று போட்டிருக்கிற இடத்தைக் காலியாக விட முடியாது. கேட்டுப் பார்த்துவிட்டேன்.

நான் உன் பெயரில் எழுத மாட்டேன். வற்புறுத்தவும் மாட்டேன். எனக்கு வேண்டும், அவ்வளவுதான். வேண்டாம் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லப் பார்த்தேன், வரவில்லை. களைத்துவிட்டேன் அண்ணா. இன்னொரு மூன்று வருடம் கடைசித் தொட்டிகளின் மூடியைத் திறந்து மூட என்னால் ஆகாது.

உன் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அண்ணி எப்போது போனார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஏன் போனார்கள் என்று எழுதவில்லை.

பொடி

*

ஜூலை 16

பொடிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளிலிருந்து மூன்று வேளையும் நானே போடுகிறேன். ஐஸ் பிளான்டில் பாதி நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டேன். நான்கு கரையும் சுற்றுகிறேன். மேற்குக் கரை இவ்வளவு சரிந்து கிடப்பது எனக்கு இதுவரை தெரியாது. வாளி இடுப்பில் இடிக்கிற இடம் கன்றிப்போயிருக்கிறது. மதிய வெயிலில் இரண்டாவது கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது கரைப் பக்கத்து மீன்கள் இதுவரை தீவனத்தையே பார்க்காத மாதிரி மிரள்கின்றன.

ஒரு நல்ல செய்தி. விடியற்காலையில் மூலையில் கூடுவது அடியோடு நின்றுவிட்டது. ஜூன் கடைசியிலேயே குறைந்துவிட்டது, இப்போது ஒன்றுகூட வருவதில்லை. ஏரேட்டர் வேலை செய்திருக்கிறது. மீட்டரை நம்பாதே என்று சொன்னேன் அல்லவா.

ஏன் போனாள் என்று கேட்டாய். ஏப்ரல் எடை போட்ட அன்று உங்கள் அதிகாரி கையைக் குலுக்கிவிட்டு, "குளத்த யாரு பாத்துக்கறது?" என்று கேட்டார். "நான்தாங்க. எல்லாமே நான்தான்" என்றேன். "வீட்டம்மா?" என்றார். "அவங்க வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்றேன். எல்லாரும் சொல்கிறதுதானே, அதையே சொன்னேன். திரும்பினால் வாளியோடு பின்னால் நிற்கிறாள். அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கரைக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பாடு போடும்போது கேட்டாள். "நான் இங்க என்னதான் பண்றேன், சொல்லுங்க பாப்போம்." எனக்குத் தூக்கம் வந்தது. "இப்ப என்ன, அவரு திரும்பி வந்தா உன் பேரச் சொல்றேன், விடு" என்றேன். அவள் விட்டுவிட்டாள். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டாள்.

கூட்டத்துக்கு எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். "இந்தக் குளத்தில் ஏப்ரல் வரை மூன்று வேளையும் தீவனம் போட்டது என் மனைவி. நான் அல்ல. அவர் வீட்டை விட்டுப் போன பிறகு ஒரே வேளையாகப் போடப்பட்டது. தீவனத்தில் குறை இல்லை." காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. "என்னால்" என்று போட்டிருக்கிறேன். போதுமா பார்.

அண்ணன்

*

ஜூலை 22

அண்ணா,

போதும்.

மீனை வைத்து மனுஷனுக்குப் பாடம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அதனால் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தொட்டிகளுக்குத் தீவனம் போடப் போனேன். கண்ணைத் துடைக்க முடியவில்லை, கையெல்லாம் மீன் எண்ணெய்.

நகலை இத்துடன் அனுப்புகிறேன். தீவனம் போட்டவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். தபாலில் அனுப்பிவிடாதே. நேரில் கொண்டுபோய்க் கொடு. கூப்பிடப் போகிற சாக்காக அதை வைத்துக்கொள்ளாதே. அவர்கள் செய்த வேலைக்கு அவர்கள் கையெழுத்து, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் இடிக்கிறது. நானும் மூன்று வேளை போடுகிறேன், அண்ணியும் மூன்று வேளை போட்டார்கள். தீவனமும் ஒன்றுதான். பின் எப்படி என் மீனை அவர்கள் மீன் மிஞ்சியது? கேட்க முடிந்தால் கேட்டு வை.

பொடி

*

ஜூலை 30

பொடிக்கு,

போய்விட்டு வந்தேன். கையெழுத்துப் போட்ட காகிதம் இத்துடன் இருக்கிறது.

ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். மாடியில் ஒரு அறை, கூட இன்னொரு பெண். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஜன்னல் கம்பியில் ஒரு துண்டு காய்கிறது. உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். இளைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். இளைக்கவில்லை. நான்தான் இளைத்திருக்கிறேன் என்று கூட இருக்கிற அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

காகிதத்தை நின்றுகொண்டே படித்தாள். "என்னால்" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். பிறகு பேனா கேட்டாள். கையெழுத்துப் போடப் போகிறாள் என்று நீட்டினேன். "மூன்று" என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு "நான்கு" என்று எழுதினாள்.

"மூணுதானே?" என்றேன்.

"உங்களுக்கு மூணு. விடியக்காலம் நீங்க தூங்கிட்டு இருப்பீங்க. பம்ப் ரூம் படிக்கட்டுல நின்னு ரெண்டு கை போடுவேன். நான் போறதுக்கு முன்னாடியே எல்லாம் வந்து வாயத் தொறந்துட்டு நிக்கும்."

அவள் போன பிறகு மீன்கள் அந்த மூலையில் வந்து நின்றன, காற்றுக்குத்தான் வருகின்றன என்று ஏரேட்டர் போட்டேன், இப்போது வருவதில்லை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எத்தன நாள் வந்துச்சு?"

"ஜூன் முடியற வரைக்கும்."

"ரெண்டு மாசத்துக்கு மேல." துண்டை எடுத்து மடித்தாள், மறுபடியும் பிரித்துக் காயப்போட்டாள். "ஏரேட்டர நிறுத்துங்க. கரண்டாவது மிச்சமாகட்டும்."

வருகிறாயா என்று கேட்கவில்லை, நீ சொன்னபடி. வாசல்வரை வந்தாள். அவ்வளவுதான்.

உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, நான்கு. கூட்டத்தில் சொல்லிவிடு. யார் போட்டார்கள் என்பதையும் சொல்.

இன்று விடிகிற நேரத்தில் ஏரேட்டரை நிறுத்திவிட்டு, வாளியோடு போய்ப் படிக்கட்டில் நின்றேன். தண்ணீர் அசையவில்லை. ஒரு மீன்கூட வரவில்லை. இரண்டு கை போட்டேன். மிதந்தது, ஊறியது, கீழே போய்விட்டது. சரியாகிவிட்டது என்று உனக்குப் பெருமையாக எழுதினேனே, இதைத்தான்.

நாளைக்கும் போய் நிற்பேன். அவை மறக்க இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. மறுபடி நம்பி வர எவ்வளவு ஆகும் என்று உங்கள் நிலையத்தில் யாராவது கணக்குப் போட்டிருந்தால் எழுது.

அண்ணன்